வேறு வாரியம் இல்லாத ஊரில் கரண்ட் பில்

கரண்ட் பில் தாறுமாறாக வந்தால், லண்டனில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் மின்சாரம் விற்கும் நிறுவனத்தையே மாற்றிக்கொள்ளலாம். மும்பைப் புறநகரில் இருப்பவர் அதானியை விட்டு டாடா பவருக்குப் போகலாம், பிடிக்காவிட்டால் திரும்பியும் வரலாம். ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் குடியிருப்பவர்களுக்கு அந்த வழி கிடையாது. 1957இல் மின்வாரியமாகத் தொடங்கி, 2010இல் டான்ஜெட்கோவாகி, 2024இல் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் என்று பெயர் மாறியிருந்தாலும், நம் வீட்டுக்கு வரும் கம்பி ஒன்றுதான், பில் போடுகிற இடமும் ஒன்றுதான். ஜனங்கள் வாயில் அது இன்றைக்கும் இ.பி.தான். விட்டுவிட்டுப் போக முடியாத இடத்தில், தவறான பில்லைத் திருத்த வைக்கும் பலம் வாடிக்கையாளருக்கு எங்கிருந்து வரும்? தேதியோடு எழுதி வைத்த மீட்டர் ரீடிங்கிலிருந்தும், கையெழுத்து வாங்கிய புகார் நகலிலிருந்தும்தான் வரும் என்பது இந்த அத்தியாயத்தின் வாதம். சட்டம் நமக்குத் தந்திருக்கும் உரிமைகள் குறைவல்ல. ஆனால் அவை ஒவ்வொன்றும் ஒரு தாளைக் கையில் வைத்திருப்பவருக்கே வேலை செய்கின்றன.

ரீடிங் எடுக்கும் தேதி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கட்டண விகிதத்தைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு. 2024 ஜூலையில் ஏறிய விகிதத்தை வைத்தே இங்கே கணக்குப் போடுகிறேன். 2025 ஜூலையில் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அனுமதித்த உயர்வை வீடுகளுக்கு மட்டும் அரசே ஏற்றுக்கொண்டது. முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு, 400 வரை 4.70, 500 வரை 6.30. மொத்தம் 500ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 மறைந்து, 101இலிருந்தே 4.70 ஆகிறது, 501 முதல் 600 வரை 8.40, 800 வரை 9.45, 1000 வரை 10.50, அதற்கு மேல் 11.55. ஆகவே 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய் வருகிற பில், 510 யூனிட்டுக்கு 2,124 ரூபாயாகிறது. பத்து யூனிட்டுக்கு 319 ரூபாய். நாளொன்றுக்கு 8 யூனிட் செலவாகும் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அறுபதாம் நாள் ரீடிங் எடுத்தால் 480 யூனிட், 1,679 ரூபாய். ஐந்து நாள் தள்ளி வந்து எடுத்தால் 520 யூனிட், 2,208 ரூபாய். அடுத்த முறை ஐம்பத்தைந்தே நாளில் வந்துவிட்டாலும் 440 யூனிட்டுக்கு 1,427 ரூபாய். இரண்டு பில்லையும் கூட்டினால், சரியான தேதியில் எடுத்திருந்தால் கட்டியிருக்க வேண்டியதைவிட 277 ரூபாய் அதிகம். மீட்டரில் பழுதில்லை, ரீடிங் எண்ணிலும் பிழையில்லை, விகிதமும் சரி. தப்பு தேதியில் இருக்கிறது. தேதியைக் குறித்து வைக்காத வீட்டால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

இதைவிடப் பெரிய அடி, ஒரு முறை ரீடிங் எடுக்காமல் விட்டு அடுத்த முறை மொத்தமாக எழுதும்போது விழுகிறது. வீடு பூட்டியிருந்தது என்று முந்தைய தொகையையே போட்டுவிடுவதும், மீட்டரைப் பார்க்காமலே குத்துமதிப்பாகக் குறைத்து எழுதிவிடுவதும் நடப்பவைதான். கணக்கீட்டாளர் பணியிடங்கள் காலியாகக் கிடக்க, இருப்பவர் இரண்டு பகுதிகளைச் சேர்த்துச் சுற்றுவதும் இதற்கு ஒரு காரணம். அவரைக் குற்றவாளியாக்கிப் பேசுவதால் பில் குறையாது. இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஆகும் குடும்பம் நான்கு மாதத்துக்கு இரண்டு பில்லாக 2,350 ரூபாய் கட்ட வேண்டும். அதே 800 யூனிட்டை ஒரே பில்லில் போட்டால் 4,770 ரூபாய். இங்கே கேட்க வேண்டியது சலுகை அல்ல. யூனிட் எந்தக் காலத்தில் செலவானதோ அந்தக் காலத்துக்கே அதைப் பிரித்துப் போட வேண்டும் என்ற கணக்கு நியாயம். 2020 ஊரடங்கில் மாநிலம் முழுவதும் ரீடிங் எடுக்க முடியாமல் போனபோது, மின்வாரியமே நான்கு மாத யூனிட்டை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாதிக்கும் தனித்தனியாக விகிதம் போட்டு, ஏற்கெனவே கட்டிய பணத்தைக் கழித்தது. கழிக்க வேண்டியது பணத்தையா யூனிட்டையா என்று தகராறு கிளம்பி உயர் நீதிமன்றம் வரை போனது; மனு தள்ளுபடியாகி வாரியத்தின் முறையே நின்றது. ஆனால் காலத்துக்கு ஏற்பப் பிரிக்க வேண்டும் என்பதில் வாரியத்துக்கே மறுப்பு இருக்கவில்லை. மொத்தமாகச் சேர்த்துப் போட்ட பில்லோடு பிரிவு அலுவலகம் போகிறவர்கள் இந்த முன்னுதாரணத்தைச் சொல்லிக் கேட்கலாம்.

வெள்ளை அட்டையைப் பற்றி இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். மீட்டர் பெட்டியின் உள்பக்கம் செருகி வைக்கும் அந்த அட்டையில் தேதி, ரீடிங், யூனிட், தொகை, எழுதியவரின் சுருக்கொப்பம் என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். பில் தொகை செல்போனுக்கே குறுஞ்செய்தியாக வந்துவிடுவதால் பலர் அட்டையைத் தேடுவதே இல்லை. குறுஞ்செய்தியில் நீங்கள் பார்ப்பது கட்ட வேண்டிய தொகையை. தகராறு வந்தால் கை கொடுப்பது ரீடிங். அட்டை இல்லையென்றால் பிரிவு அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். கணக்கெடுக்க வரும் நாளன்று நீங்களும் மீட்டரை ஒரு போட்டோ எடுங்கள்; மீட்டரின் வரிசை எண்ணும் கிலோவாட் மணி என்ற குறியும் எண்களும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். மின்னணு மீட்டரின் திரையில் மின்னழுத்தம், உச்சத் தேவை, தேதி என்று எண்கள் மாறிமாறி ஓடும். அவசரத்தில் வேறொரு எண்ணை எழுதிவிடுவதும், இரண்டு இலக்கங்களை இடம் மாற்றிவிடுவதும் நடக்கக்கூடியவை. பில்லில் இருக்கும் இணைப்பு எண்ணையும் சரிபாருங்கள். வட சென்னை மண்டல எண்கள் 01 என்று தொடங்கும். அதையடுத்துப் பிரிவு எண், பகிர்மான எண், கடைசியாக உங்கள் இணைப்பின் எண். ஒரே கட்டடத்தில் பத்து மீட்டர் வரிசையாக மாட்டியிருக்கும் ராயபுரத்துச் சந்துகளில், பக்கத்து வீட்டு மீட்டரின் ரீடிங் உங்கள் எண்ணில் ஏறிவிட வாய்ப்புண்டு.

மீட்டர் மேலேயே சந்தேகம் என்றால், புகார் எழுதும் முன் வீட்டிலேயே இரண்டு சோதனை செய்துவிடலாம். மெயினை அணைத்துவிட்டு மீட்டரில் மினுங்கும் சிவப்பு விளக்கைப் பாருங்கள். மெயின் அணைந்த பிறகும் அது மினுங்கினால், மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவே யாரோ இழுத்த கம்பியோ, கசிவோ, வேறு வீட்டின் நியூட்ரலோ இருக்கிறது. இரண்டாவது, மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 1000 வாட் வாட்டர் ஹீட்டர் ராடை மட்டும் தண்ணீரில் வைத்துப் போடுங்கள். மீட்டர் முகப்பில் யூனிட்டுக்கு 1600 துடிப்பு என்றோ 3200 துடிப்பு என்றோ அச்சிட்டிருக்கும். 1600 என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 27 முறை மினுங்க வேண்டும். 3200 என்றால் 53 முறை. மின்னழுத்தம் ஏறி இறங்குவதால் நாலைந்து வித்தியாசம் வரலாம். 27க்குப் பதில் 40 என்றால் எழுதிப் புகார் கொடுக்கத் தகுந்த விஷயம். பழைய ஒண்டுக்குடித்தன வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. இப்போதைய மீட்டர்கள் திருட்டைத் தடுக்க ஃபேஸ், நியூட்ரல் இரண்டிலும் ஓடும் மின்னோட்டத்தை அளந்து, எது அதிகமோ அதைக் கணக்கில் ஏற்றுகின்றன. மூன்று குடித்தனத்துக்கும் பொதுவாக ஒரே நியூட்ரலைப் பின்னிவைத்திருக்கும் வீட்டில், பக்கத்து அறை மின்சாரத்தின் திரும்பு பாதை உங்கள் மீட்டர் வழியாகப் போனால், அந்தச் செலவும் உங்கள் தலையில் விழும். எர்த் குறியுள்ள விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருப்பது இதற்கு அடையாளம். இது இ.பி.யின் தவறல்ல, வீட்டு வயரிங்கின் தவறு. ஒரு நல்ல எலக்ட்ரீஷியனை வைத்துப் பிரித்துவிட்டால் அடுத்த பில்லிலேயே தெரியும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய மீட்டரை இன்னும் மாற்றாமல் வைத்திருப்பவர்களும், கடற்காற்றில் முனைகள் பச்சை பூத்த மீட்டர் வைத்திருப்பவர்களும் பில் சரியாக இருந்தாலும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அங்கே பணத்தைவிட உயிர் முக்கியம்.

புகாரை எழுத்தில் கொடுங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குப் போன் செய்தால் புகார் எண் கிடைக்கும். அதையும் குறித்துக்கொண்டு, பிரிவு அலுவலக உதவிப் பொறியாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். இணைப்பு எண், தகராறுக்குரிய பில்லின் தேதி, அட்டையில் உள்ள ரீடிங், உங்கள் போட்டோவில் உள்ள ரீடிங், நீங்கள் போட்ட கணக்கு, எது வேண்டும் என்ற ஒரு வரி. இவ்வளவு போதும். நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபால். மத்திய அரசின் 2020ஆம் ஆண்டு மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, மீட்டர் புகார் வந்த 30 நாளுக்குள் சோதித்தாக வேண்டும். 2024இல் செய்த திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போகிறது: ரீடிங் உண்மையான செலவோடு ஒத்துப்போகவில்லை என்று புகார் செய்தால், ஐந்து நாளுக்குள் கூடுதலாக ஒரு மீட்டரை மாட்டி, குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு நிதியாண்டில் இரண்டுக்கு மேல் உத்தேச பில் போடக் கூடாது என்பதும் அந்த விதிகளில் இருக்கிறது. மீட்டர் பழுது என்று முடிவானால், தமிழ்நாடு மின் வழங்கல் விதித்தொகுப்பு அதற்கு முந்தைய நான்கு மாதச் சராசரியை எடுக்கச் சொல்கிறது. அந்த நான்கு மாதமும் வழக்கமான மாதங்கள்தானா என்பதைப் பேசுவதற்கும் பழைய அட்டைதான் வேண்டும். அதிகம் வாங்கிய தொகையை வட்டியோடு திருப்ப வேண்டும் என்கிறது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 62ஆவது பிரிவு. நடுவில் ஒரு வார்த்தை: இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மறுகணக்கு செய்து கேட்கும் கூடுதல் டெபாசிட், பில் பிழை அல்ல. அது உங்கள் பெயரில் வட்டியோடு நிற்கும் பணம். அதைப் பிழையென்று வாதாடப் போனால் உண்மையான பிழையைப் பேசும்போதும் காது கொடுக்க மாட்டார்கள்.

இதையெல்லாம் கேட்டதும் எழும் முதல் மறுப்பு, தகராறு செய்தால் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள் என்பது. பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. சின்னக் குழந்தையோ இன்சுலின் வைத்திருக்கும் பெரியவரோ இருக்கும் வீட்டில் ஒரு நாள் மின்சாரம் இல்லாமல் இருப்பது எளிதல்ல. ஆனால் மின்சாரச் சட்டத்தின் 56ஆவது பிரிவு, முழுதாகப் பதினைந்து நாள் எழுத்து மூலம் அறிவிப்பு கொடுக்காமல் துண்டிக்கக் கூடாது என்கிறது. கேட்கும் தொகை, அல்லது முந்தைய ஆறு மாதச் சராசரிப்படி வரும் தொகை, இவற்றில் எது குறைவோ அதை ஆட்சேபத்துடன் கட்டிவிட்டால், தகராறு தீரும்வரை துண்டிக்க முடியாது. ஆட்சேபத்துடன் கட்டுகிறேன் என்று எழுதிய கடிதத்தோடு நேரில் போய்க் கட்டுவதே சரி. பேசாமல் கட்டாமல் இருந்துவிடுவது மட்டும் கூடாது. அப்போது சட்டம் உங்கள் பக்கம் நிற்காது. இரண்டாவது மறுப்பு, வருஷக்கணக்கில் பின்னால் போய்ப் பாக்கி கேட்டால் என்ன செய்வது என்பது. இரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட பாக்கி செல்லாது என்று பலர் நம்புகிறார்கள். அது பாதி உண்மை. 2020 பிப்ரவரியில் ரஹமத்துல்லா கான் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, பழைய பிழைக்காக இணைப்பைத் துண்டிக்க முடியாது, ஆனால் வேறு சட்ட வழியில் பணத்தைக் கேட்கலாம் என்பது. ஆகவே பழைய அட்டைகளை இரண்டு ஆண்டோடு தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது மறுப்பு கனமானது. வட்ட அளவிலான நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்குத் தலைவர் அதே வட்டத்தின் மேற்பார்வைப் பொறியாளர். தன் அலுவலகத்தின் தவறைத் தானே ஒத்துக்கொள்வாரா? இந்தச் சந்தேகம் நியாயமானது, இந்த அமைப்பு மாற வேண்டும் என்றே நானும் நினைக்கிறேன். இருந்தும் அந்தப் படியில் ஏறாமல் அடுத்த படிக்குப் போக முடியாது. மன்றத்தின் உத்தரவு பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் மின்குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்; அவரை நியமிப்பது மின்வாரியம் அல்ல, மின்சார ஒழுங்குமுறை ஆணையம். இரண்டு இடத்திலும் வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம். அங்கே முன் வைக்கப்போவது உங்கள் மனக்குறையை அல்ல, ரீடிங்கை. அதனால்தான் முதல் நாளிலிருந்தே தாள் சேர்க்கச் சொல்கிறேன். சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். ஆனால் அனுமதியில்லாத பயன்பாடு என்று 126ஆவது பிரிவில் போட்ட மதிப்பீட்டை அங்கே எதிர்க்க முடியாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. வீட்டு இணைப்பில் கடை நடத்துகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

போட்டி வந்தால் இந்தப் பாடெல்லாம் தீருமே என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். ஒரே கம்பியில் பல நிறுவனங்கள் விற்க வழி செய்யும் திருத்த மசோதா 2022 ஆகஸ்ட்டில் மக்களவையில் வைக்கப்பட்டு நிலைக்குழுவுக்குப் போனது. தமிழ்நாடு அதை எதிர்த்தது. இன்றைய சட்டப்படி, விரும்பிய இடத்தில் மின்சாரம் வாங்கும் உரிமை பெரிய நுகர்வோருக்கே இருக்கிறது. பசுமை மின்சாரத்துக்குக்கூட 100 கிலோவாட் வேண்டும். மணலியின் ஆலைக்கு அது சாத்தியம், நான்கு கிலோவாட் வீட்டுக்கு அல்ல. வல்லூர், அத்திப்பட்டு அனல்மின் நிலையங்கள் நிலக்கரிச் சாம்பலை வட சென்னையின் காற்றிலும் கொசஸ்தலை ஆற்றிலும் கலக்கின்றன. ஆனால் அங்கே உற்பத்தியாகும் மின்சாரத்தைப் பக்கத்துத் தெருக்காரர் நேராக வாங்க வழியில்லை. மாற்றத்தால் மட்டும் நல்லது வந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. 2021இல் எரிவாயு விலை ஏறியபோது பிரிட்டனில் இருபதுக்கும் மேற்பட்ட விற்பனை நிறுவனங்கள் கவிழ்ந்தன. நவம்பரில் பல்ப் என்ற பெரிய நிறுவனம் அரசின் நிர்வாகத்துக்குப் போனது. அங்கே நிறுவனம் மாறும் குடும்பத்துக்கும் முதல் பாதுகாப்பு, மாறிய நாளன்று எடுத்த மீட்டர் போட்டோதான். சென்னைக்கும் ஒரு காலத்தில் தனியார் நிறுவனம்தான் மின்சாரம் தந்தது. பேசின் பிரிட்ஜ் நிலையத்தை நடத்திய மெட்ராஸ் எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷனை 1947இல் அரசு எடுத்துக்கொண்டது. கை மாறினாலும் கணக்குப் பார்க்கும் வேலை வீட்டுக்காரருடையதாகவே இருக்கிறது. சொந்த மாடி உள்ளவர்கள் சூரிய வீடு திட்டத்தில் மானியம் பெறலாம்: ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரிய அடுக்குகளிலும் வாடகை வீட்டிலும் இருப்பவர்களுக்கு அது எட்டாது.

வாடகைக்காரர்களுக்கு உண்மையில் பயன்படும் மாற்றம் வேறொன்று. காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும் எத்தனையோ குடும்பங்கள் இ.பி.க்குப் பணம் கட்டுவதில்லை, வீட்டு ஓனருக்கே கட்டுகின்றன. சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஒரே விலை. நான்கு குடித்தனம் தலைக்கு 250 யூனிட் செலவழித்து ஒரே இணைப்பில் இருந்தால் 1000 யூனிட்டுக்கு 6,870 ரூபாய் பில் வருகிறது. அதே குடும்பங்களுக்குத் தனித்தனி இணைப்பு இருந்தால் ஆளுக்கு 470, மொத்தம் 1,880 ரூபாய். ஓனர் ஒரு பைசா லாபம் வைக்காவிட்டாலும் இந்த 4,990 ரூபாய் நஷ்டம் நிற்கத்தான் செய்யும். ஆகவே இதை ஓனரோடு சண்டையாக்காமல், அவரையும் உட்கார வைத்துக் கணக்குக் காட்டிப் பேசுவது நல்லது. குடித்தனங்கள் தனித்தனியாகப் பிரிந்திருக்க வேண்டும், வயரிங்கும் பிரிந்திருக்க வேண்டும். தமிழ்நாடு மின் பகிர்மான விதித்தொகுப்பின்படி, ஓனர் படிவம் 5இல் சம்மதம் எழுதித் தந்தால் வாடகைக்காரர் தன் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம். அவர் மறுத்தாலும், சட்டப்படி குடியிருப்பதற்கான சான்றைக் காட்டி, படிவம் 6இல் ஈட்டுறுதிப் பத்திரம் எழுதி, இரு மடங்கு டெபாசிட் கட்டினால் இணைப்பு கேட்க முடியும். விண்ணப்பத்தை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். குறைதீர் மன்றத்தில் அந்தத் தாளை வைத்துத்தான் மனு போட முடியும்.